டோம்பிவிலிக்குச் சொந்தமான எண்

எண் சம்பந்தமாக எந்தக் கேள்வி வந்தாலும் ஆசிரியர் குழு அதை மும்பை மாட்டுங்காவுக்கு, என் விலாசத்துக்குத் திருப்பிவிடுகிறது. ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஆகவே கணிதம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அங்கே நாங்கள் பார்த்தது கூட்டல், கழித்தல், சதவீதம், அவ்வளவுதான். நல்லவேளை, இந்த முறை வந்திருக்கும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

கேள்வி: மாமா, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒன்பது ஒன்றுகள் கொண்ட 111111111 என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கிக் காட்டினாள். 12345678987654321 வந்தது. படி ஏறி இறங்குவதைப் போல இருக்கிறது. இது விசேஷமான எண்ணா? இதற்கு ஏதாவது பெயர் உண்டா?
– ஒரு வாசகி, டோம்பிவிலி கிழக்கு

பதில்: பெயர் உண்டு. அதுவும் உங்கள் ஊர் ஸ்டேஷன் பெயர்தான்! மும்பையிலிருந்து முப்பது மைல் தள்ளி, அன்றைய ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வே பாதையில் டெம்லோ என்று ஒரு ஸ்டேஷன் இருந்தது. இன்றைக்குக் காலை எட்டு மணிக்கு நீங்கள் மூச்சுவிட இடமில்லாமல் நிற்கிற டோம்பிவிலிதான் அது. அந்த ஸ்டேஷனில் இருந்தபோதுதான் டி.ஆர். காப்ரேகர் என்ற பள்ளி ஆசிரியருக்கு ஒருவகை எண்களை ஆராயும் யோசனை வந்தது. ஸ்டேஷன் பெயரையே அவற்றுக்கு வைத்தார். டெம்லோ எண்கள் என்பது கொஞ்சம் பெரிய குடும்பம். அதில் 1, 121, 12321, 1234321 என்று போகிற கிளையைத் தனியாக 'அற்புத டெம்லோ எண்கள்' என்றார். உங்கள் மகள் கண்டுபிடித்தது அந்தக் கிளையில் ஒன்பதாவது. அதன் உச்சியும் அதுதான். ஏன் உச்சி என்பதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

காப்ரேகர் 1905இல் தஹானுவில் பிறந்தவர். தாணேயில் பள்ளிப் படிப்பு, புனே ஃபெர்குசன் கல்லூரியில் பட்டம், பிறகு 1930 முதல் 1962 வரை நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் ஆசிரியர் வேலை. தாணே, டோம்பிவிலி, தேவ்லாலி மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருப்பதைக் கவனியுங்கள். எங்கள் டிபார்ட்மென்ட் பார்வையில் பார்த்தால் இவர் முழுக்க முழுக்க சென்ட்ரல் லைன் ஆசாமி. மேல்படிப்பு கிடையாது, பல்கலைக்கழகப் பதவி கிடையாது. இந்தியக் கணித அறிஞர்கள் பலர் இதெல்லாம் விளையாட்டுப் பிள்ளை வேலை என்று ஒதுக்கினார்கள். அவர் கவலைப்படாமல் கைக்காசு போட்டுச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டுக்கொண்டே இருந்தார். குடிகாரனுக்கு மது எப்படியோ அப்படித் தனக்கு எண்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1975இல் அமெரிக்காவில் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையின் தன் பகுதியில் எழுதிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. நம் ஆட்களை வெளியூர்க்காரன் சொன்னால்தான் மதிப்போம் என்ற வழக்கம் ராமானுஜன் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

சரி, எண்ணுக்கு வருவோம். முதலில் அதைப் படித்துப் பாருங்கள். நம் வழக்கப்படி காற்புள்ளி வைத்தால் 12,34,56,78,98,76,54,321. அழகாக உட்கார்ந்துகொள்கிறது. வாயால் சொல்வதானால்: நூற்றிருபத்து மூன்று கோடியே நாற்பத்தைந்து லட்சத்து அறுபத்தேழாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டுக் கோடி, அதற்கு மேல் எழுபத்தாறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து முன்னூற்று இருபத்தொன்று. கோடிக்குள் கோடி வருகிறது. இத்தனை விநாடிகளை வருடமாக்கினால் சுமார் 39 கோடி வருடம். டைனோசர்கூட இன்னும் பிறக்காத காலத்துக்குப் போய்விடுவீர்கள்.

ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? கால்குலேட்டரை வைத்துவிட்டு, மகளை ஒருமுறை கையால் பெருக்கச் சொல்லுங்கள். ஒன்பது ஒன்றுகளை ஒன்றால் பெருக்கினால் அதே ஒன்பது ஒன்றுகள்தான். அதை ஒவ்வொரு வரியிலும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளி, ஒன்பது வரிகள் எழுத வேண்டும். இப்போது மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள். வலது ஓரத்தில் ஒரே ஒரு ஒன்று. அடுத்த இடத்தில் இரண்டு ஒன்றுகள், அதற்கடுத்து மூன்று. நடுவில் ஒன்பது வரிகளும் ஒன்றாகச் சேர்வதால் ஒன்பது. அதைத் தாண்டினால் வரிகள் ஒவ்வொன்றாக முடிந்துபோவதால் எட்டு, ஏழு என்று இறங்குகிறது. எந்த இடத்திலும் கூட்டல் பத்தைத் தொடவில்லை. அதனால் பக்கத்து இடத்துக்கு ஒன்றை ஏற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.

இப்போது பத்து ஒன்றுகளை எடுத்துக்கொண்டு பாருங்கள். நடுவில் பத்து வந்துவிடும். பூஜ்யத்தை எழுதி ஒன்றை இடப்பக்கம் ஏற்றினால், அங்கே இருக்கும் ஒன்பது பத்தாகிறது. அங்கேயும் பூஜ்யம், மறுபடி ஒன்றை ஏற்ற வேண்டும். அடுத்து இருக்கும் எட்டு ஒன்பதாகிறது. விடை 1234567900987654321. வலப்பக்கம் ஒழுங்காக இறங்குகிறது, இடப்பக்கம் எட்டைக் காணோம், நடுவில் இரண்டு பூஜ்யங்கள். அதனால்தான் ஒன்பதாவதை உச்சி என்றேன். நாம் பத்தின் அடிப்படையில் எண்ணுவதால் வந்த உச்சி அது. கணினிக்காரர்கள் பதினாறின் அடிப்படையில் எண்ணுவார்கள். அங்கே பதினைந்து ஒன்றுகள் வரைக்கும் இந்தக் கோபுரம் கலையாமல் நிற்கும்.

உங்கள் மகளுக்குப் பிடிக்கக்கூடிய இன்னும் சில சங்கதிகள் இந்த எண்ணில் இருக்கின்றன.

இலக்கங்களைக் கூட்டச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஏறி, மறுபடி ஒன்று வரை இறங்கினால் 81. அந்த 81ஆல் இந்தப் பதினேழு இலக்க எண்ணை வகுத்தால் மீதியே இல்லாமல் 152415789971041 கிடைக்கும். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் தானே வகுபடும் எண்களுக்குக் காப்ரேகர் ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தார். ஆக, ஒரே எண் அவருடைய இரண்டு கண்டுபிடிப்புகளிலும் இடம் பிடித்திருக்கிறது. டாக்ஸி நம்பர் கதையில் வரும் நம் ராமானுஜனின் 1729ம் இந்தச் சாதிதான்: 1+7+2+9=19, அந்த 19ஐத் திருப்பிப் போட்ட 91ஆல் பெருக்கினால் 1729. இதைப் பார்த்தபோது நான் டீயை ஆறவிட்டேன்.

அடுத்தது எனக்கு இதைவிடப் பிடித்தது. எண்ணை இரண்டாக வெட்டுங்கள். வலப்பக்கம் ஒன்பது இலக்கம், 987654321. மிச்சம் 12345678. இரண்டையும் கூட்டினால் 999999999. தற்செயல் என்று தோன்றும், ஆனால் இல்லை. ஒன்பது ஒன்பதுகள் என்பது 111111111இன் ஒன்பது மடங்கு. அந்த 111111111ஏ ஒன்பதால் வகுபடும். ஆகவே அதன் வர்க்கம் 999999999ஆல் மீதியில்லாமல் வகுபட்டே ஆக வேண்டும். அப்படி வகுபடுகிற எண்ணை ஒன்பது ஒன்பது இலக்கமாக வெட்டிக் கூட்டினால், கூட்டுத்தொகையும் 999999999ஆல் வகுபடும். 99ஆல் வகுபடுமா என்று பார்க்க இரண்டு இரண்டு இலக்கமாக வெட்டிக் கூட்டுவோமே, அதே வித்தை பெரிய அளவில்.

வகுத்தால் வரும் விடையைப் பாருங்கள்: 12345679. எட்டு இல்லை! பத்து ஒன்றுகளின் வர்க்கத்தில் காணாமல் போன அதே எட்டு. ஒன்றை 81ஆல் வகுத்தாலும் 0.012345679012345679 என்று இதே கூட்டம் முடிவில்லாமல் சுற்றும். எட்டு தொலைந்து போகவில்லை. பின்னாலிருந்து ஏறிவந்த ஒன்றை வாங்கிக்கொண்டு ஒன்பதாக நிற்கிறது. 12345679ஐ 9ஆல் பெருக்கினால் பழையபடி ஒன்பது ஒன்றுகள். 8ஆல் பெருக்கினால் 98765432. இரண்டாவதை மகளையே காரணம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒன்பது மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தால் போதும்.

பகாக் காரணிகளாக உடைத்தால் மூன்றே மூன்று பேர்: 3, 37, 333667. மூன்று நான்கு தடவையும் மற்ற இரண்டும் இரண்டிரண்டு தடவையும் பெருகியிருக்கின்றன. அந்தக் கணக்கில் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 5×3×3, அதாவது 45. அப்புறம், எந்த வர்க்க எண்ணும் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் கிடைக்கும் என்பது பாடத்தில் வரும். அப்படி 222222221 வரைக்கும் கூட்டினால் இந்த எண். கூட்ட ஆரம்பிக்க வேண்டாம், பதினோரு கோடிக்கு மேல் உருப்படிகள் இருக்கின்றன.

கேள்வி: மேற்படி எண்ணை வாட்ஸ்அப்பில் பார்த்து, எங்கள் ஹவுசிங் சொசைட்டி கணக்கு வைத்திருக்கும் எக்செல்லில் பெருக்கிப் பார்த்தேன். கடைசியில் 21க்குப் பதிலாக இரண்டு பூஜ்யங்கள் வருகின்றன. எக்செல்லுக்கே கணக்குத் தெரியவில்லையா? எங்கள் பராமரிப்புக் கணக்கை நம்பலாமா?
– ஒரு செயலாளர், முலுண்ட்

பதில்: நம்பலாம் சார். உங்கள் சொசைட்டியின் வரவு பதினாறு இலக்கத்தைத் தொட்டுவிட்டால் மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். அதனால் 12345678987654300.

இதற்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. பல கணினி நிரல்கள் எண்களைப் பதிந்து வைக்கும் முறையில், முழு எண்களை ஒன்றுவிடாமல் துல்லியமாக வைத்திருப்பது 9007199254740992 வரைக்கும்தான். இரண்டை 53 முறை பெருக்கினால் வருவது அது. அதைத் தாண்டியதும் இரட்டைப்படை எண்களுக்கு மட்டுமே இடம். நம் எண் அதைத் தாண்டியது, ஒற்றைப்படை வேறு. ஆகவே கடைசி ஒன்று கழன்று 12345678987654320 என்று காட்டுகிற நிரல்களும் உண்டு. எட்டாவது படிக்கும் பெண் பென்சிலால் போட்டால் சரியாக வரும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது ஒன்று. பதினாறு இலக்க கார்டு எண்களை யாராவது எக்செல்லில் எண்ணாகவே அடித்திருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறியிருக்கும். அந்தக் கட்டத்தை எழுத்து வகைக்கு மாற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

கேள்வி: 11 பகா எண். 111 பகா எண் அல்ல. வெறும் ஒன்றுகளால் ஆன எண்களில் வேறு எதுவுமே பகா எண் இல்லையா?
– ஒரு கல்லூரி மாணவர், மாட்டுங்கா

பதில்: இருக்கிறது தம்பி, ஆனால் தூரம் தூரமாக. 11க்கு அடுத்தது பத்தொன்பது ஒன்றுகள். அதற்கு அடுத்து 23 ஒன்றுகள். பிறகு ஒரே தாவலாக 317, அப்புறம் 1031. இந்த 1031 ஒன்றுகள் கொண்ட எண் பகா எண்தான் என்று 1986இல் நிரூபித்தார்கள்.

சலித்தெடுப்பதில் பாதி வேலை சுலபம். ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இல்லாவிட்டால் அந்த எண்ணும் உடைந்துவிடும். ஒன்பது ஒன்றுகளை மூன்று மூன்றாகப் பாருங்கள்: 111 111 111. இது 111ஐ 1001001ஆல் பெருக்கியது. முதலாவதில் 3ம் 37ம், இரண்டாவதில் 3ம் 333667ம். டோம்பிவிலி வாசகிக்குச் சொன்ன காரணிகள் இங்கிருந்துதான் வந்தன. எண்ணிக்கை பகா எண்ணாக இருந்துவிட்டால் மட்டும் போதாது: ஐந்து ஒன்றுகள் 41×271, ஏழு ஒன்றுகள் 239×4649. இப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் இருக்குமா என்பதற்கு இன்னும் நிரூபணம் இல்லை. மாட்டுங்கா லைப்ரரியில் ஃபேனுக்குக் கீழ் இடம் கிடைத்தால் நீங்கள் முயன்று பார்க்கலாம்.

கேள்வி: புது வண்டி வாங்கப் போகிறோம். இலக்கங்களின் கூட்டு 9 வரும்படி நம்பர் எடுக்கச் சொல்கிறார்கள். நீங்கள் எண்களோடு பழகியவர். 9க்கு உண்மையிலேயே சக்தி உண்டா?
– ஒரு வாசகர், செம்பூர்

பதில்: உண்டு, ஆனால் வண்டி ஓட்டுகிற சக்தி இல்லை. கூட்டிக்கொண்டே போய் 9 வந்தால், அந்த எண் ஒன்பதால் வகுபடும் என்று அர்த்தம். அவ்வளவுதான். ஒன்பது வண்டிக்கு ஒன்று அப்படித்தான் இருக்கும். ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் அவையும் மற்ற வண்டிகளோடு சேர்ந்து நின்றுகொண்டுதான் இருக்கின்றன. கூடுதல் கட்டணம் கட்டிப் பிடித்த நம்பர் வாங்குவது உங்கள் வீட்டு விஷயம், நான் குறுக்கே வரவில்லை.

ஆனால் ஒன்பது என் உத்தியோகத்தைப் பல மாலைகளில் காப்பாற்றியிருக்கிறது. வரவும் செலவும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 54ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 7,210ஐ 2,710 என்று எழுதினால் வித்தியாசம் 4,500. எந்த எண்ணின் இலக்கங்களைக் கலைத்துப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியும் மாறாது. ஆகவே கழித்தால் மீதி அடிபட்டுப் போய், ஒன்பதின் மடங்கு மட்டும் நிற்கும். ஆடிட்டர் வருவதற்கு முன்தினம் இந்த ஒரு வரி தெரிந்தவன் வீட்டுக்குப் போவான், தெரியாதவன் லெட்ஜரைப் புரட்டிக்கொண்டிருப்பான்.

கேள்வி: தாத்தா, 6174 ஒரு மேஜிக் நம்பர் என்று டியூஷன் அக்கா சொன்னார்கள். எப்படி என்று சொல்லவில்லை. நீங்கள் சொல்வீர்களா?
– ஆறாம் வகுப்பு, சயான்

பதில்: சொல்கிறேன் கண்ணு. இதுவும் டோம்பிவிலி காப்ரேகருடையதுதான். 1949இல் நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அவர் இதைச் சொன்னார்.

ஏதாவது நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு. பிறகு சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கு. பெரியதிலிருந்து சிறியதைக் கழி. வந்த விடையை வைத்து மறுபடி அதையே செய். மும்பையில் போரி பந்தரிலிருந்து தாணேக்கு முதல் ரயில் ஓடிய வருடம் 1853. அதையே எடுத்துக்கொள்வோம்.

8531 − 1358 = 7173
7731 − 1377 = 6354
6543 − 3456 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

இனி 7641இலிருந்து 1467ஐக் கழித்தாலும் 6174தான். வண்டி அங்கேயே நின்றுவிடும். நீ எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் அதிகபட்சம் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து சேர்ந்துவிடுவாய். பூஜ்யம் வந்தால் அதை விட்டுவிடாதே. மேலே 0378 என்று எழுதியிருக்கிறேன் பார், அப்படி நான்கு இடத்தையும் நிரப்பி எழுது. உன் பிறந்த வருடம், அப்பாவின் பிறந்த வருடம், வீட்டு வண்டி நம்பர் எல்லாவற்றையும் போட்டுப் பார். டியூஷன் அக்காவுக்கு வேண்டுமானால் இன்னொன்றும் சொல்: 6+1+7+4=18, அந்த 18ஆல் 6174ஐ வகுத்தால் 343, அதாவது 7×7×7.

ஏழு தடவைக்குள் வராவிட்டால் எங்கோ கழித்தலில் தப்பு. எந்த வரியில் என்று கண்டுபிடிக்க, செம்பூர் மாமாவுக்கு மேலே சொன்ன வழியே பெரும்பாலும் போதும்: ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டிப் பார். அது 9ஆகவோ 18ஆகவோ 27ஆகவோ வராத முதல் வரியில்தான் கோளாறு. அந்த வரியிலிருந்து மறுபடி ஆரம்பி.